சைனீஸ் ப்ரெண்டோட சிஇடி-4 இங்கிலீஷ் ப்ராக்டிஸ் பண்ணப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

சீனாவுல படிக்க வந்த நம்ம ஊர்ப் பசங்க யாரா இருந்தாலும் முதல் செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு சைனீஸ் ஸ்டூடண்ட் வந்து கேட்ருவாங்க, இங்கிலீஷ் ப்ராக்டிஸ் பண்ணலாமா, பதிலுக்கு நான் உங்களுக்கு சைனீஸ் சொல்லித் தரேன்னு. இதுக்கு அங்க யூபான்னு பேரு, மொழித்துணைன்னு வச்சுக்கோங்க. நானும் சந்தோஷமா சரின்னு சொன்னேன். பக்கத்து ஹாஸ்டல் பொண்ணு, அக்கவுண்டிங் படிச்சிட்டு இருந்தா, என்னை ஜியேஜியேன்னு தான் கூப்பிடுவா, நம்ம அக்கா மாதிரி. ஒரு செமஸ்டர் முழுக்க நான் சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம் அவ எழுதின சிஇடி-4ல, அதாவது சீன யுனிவர்சிட்டிப் பசங்க எழுதற இங்கிலீஷ் பரிட்சைல, 401 வந்துச்சு. வேண்டியது 425. அன்னைக்கு நைட்டு அவ அழுததை விட எனக்கு வலிச்சது என்னன்னா, அவ உழைப்புல குறையே இல்ல, நான் காட்டின வழி தான் தப்பு. அடுத்த தடவை எல்லாத்தையும் மாத்தி 452 வாங்கினா. நடுவுல நாங்க கத்துக்கிட்டதை அப்படியே எழுதறேன், உங்க ப்ரெண்டுக்கு அந்த ஒரு செமஸ்டர் வீணாகக் கூடாது.

1. முதல்ல பரிட்சை எப்படின்னு நீங்க தெரிஞ்சுக்கோங்க

சிஇடி-4ஐ ஸு-ஜீன்னு சொல்வாங்க, 4ம் லெவல்னு அர்த்தம். மொத்தம் 710 மார்க். பாஸ் மார்க்னு அதிகாரபூர்வமா ஒண்ணும் கிடையாது, ஆனா 425 வாங்கினா தான் அடுத்த லெவலான சிஇடி-6 எழுத முடியும், அதனால எல்லாரும் 425ஐத் தான் பாஸா பார்க்கறாங்க. வேலைக்கு ரெஸ்யூமே போடும்போதும் அந்த நம்பரைத் தான் கேக்கறாங்க.

எழுதற நேரம் 125 நிமிஷம். முதல்ல எஸ்ஸே 30 நிமிஷம், அப்புறம் லிசனிங் 25, ரீடிங் 40, கடைசியா சைனீஸ்ல இருந்து இங்கிலீஷுக்கு ட்ரான்ஸ்லேஷன் 30. எஸ்ஸேவும் ட்ரான்ஸ்லேஷனும் ஆளுக்கு 15 சதவீதம், லிசனிங்கும் ரீடிங்கும் ஆளுக்கு 35. இப்போ ரொம்ப முக்கியமான விஷயம் சொல்றேன், இதை அவங்க நோட்டு முதல் பக்கத்துலயே எழுத வைங்க. ரீடிங்ல மூணு பகுதி இருக்கு. கோடிட்ட இடத்தை நிரப்பற பகுதில ஒரு கேள்விக்கு 3.55, நீளமான கட்டுரைல வாக்கியத்தைப் பத்தியோட பொருத்தற பகுதில 7.1, ரெண்டு சின்ன பத்தி குடுத்து ஏ, பி, சி, டி தேர்ந்தெடுக்கற பகுதில ஒவ்வொரு கேள்விக்கும் 14.2. பரிட்சை நடத்தறவங்க மார்க்கை வேற கணக்குல சரிபண்ணித் தான் குடுப்பாங்க, இது ஸ்டூடண்ட்ஸ் போட்டுக்கற தோராயக் கணக்கு, ஆனா எங்க நேரம் போடணும்னு முடிவு பண்ண இது போதும். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி அந்தப் பொண்ணு வரிசையாத் தான் எழுதுவா, 3.55 மார்க் கேள்வில 15 நிமிஷம் உக்காந்துட்டு 14.2 கேள்விக்கு வரும்போது நேரம் இருக்காது.

2. ரிஜிஸ்ட்ரேஷன், காசு, பேப்பருங்க

பரிட்சை வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்லயும் டிசம்பர்லயும், சனிக்கிழமை. காலைல 9ல இருந்து 11.20 வரைக்கும் சிஇடி-4, மதியம் 3 மணிக்கு சிஇடி-6. ஜூன் பரிட்சைக்கு பெரும்பாலும் மார்ச், ஏப்ரல்லயும் டிசம்பருக்கு செப்டம்பர், அக்டோபர்லயும் ரிஜிஸ்ட்ரேஷன் திறக்கும், ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் தேதி வேற வேற. வெளியாளா போய் எழுத முடியாது, அவங்க படிக்கற யுனிவர்சிட்டி வழியாத் தான். க்ளாஸ் மானிட்டர் வீசாட் குரூப்ல போடற நோட்டீஸை அன்னைக்கே படிக்கச் சொல்லுங்க.

ஃபீஸ் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், ரெண்டு வேளை வெளிய சாப்பிடற காசு தான், பெரிய தொகை இல்ல. பேச்சுத் தேர்வு தனி, விருப்பம் இருந்தா மட்டும், அதுக்கு 50 யுவான். இங்க ஒரு பெரிய பொறி இருக்கு. ஆன்லைன்ல பேரு, போட்டோ எல்லாம் சரிபார்த்து முடிச்சாலே ரிஜிஸ்டர் ஆயிடுச்சுன்னு நினைச்சுருவாங்க, காசு கட்டி முடிச்சா தான் ரிஜிஸ்டர் ஆன மாதிரி. தேதி போயிடுச்சுன்னா ஆறு மாசம் காத்திருக்கணும்.

பரிட்சை அன்னைக்கு மூணு வேணும்: ஹால் டிக்கெட், ஐடி கார்டு, ஸ்டூடண்ட் கார்டு. ஹால் டிக்கெட்டை அவங்களே டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுக்கணும், பரிட்சைக்கு முந்தின நாள் நைட்டு கேம்பஸ் பிரிண்ட் கடைல நிக்கற கூட்டத்தைப் பார்த்தா பயந்துருவீங்க, முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. 2பி பென்சில், ரப்பர், கறுப்பு ஜெல் பேனா. நிறைய யுனிவர்சிட்டில லிசனிங் எஃப்எம் ஹெட்ஃபோன்ல தான் வரும், பேட்டரி புதுசா போட்டு, எந்த அலைவரிசைன்னு கேட்டு, ஒரு வாரம் முன்னாடியே சோதிச்சுப் பார்க்கணும். 9 மணிக்கு மேல உள்ள விட மாட்டாங்க.

3. காசு வாங்காதீங்க

இது உங்களுக்கு. அவங்க அம்மா அப்பா அன்புல காசு குடுக்க வருவாங்க, ப்ரெண்டோட ப்ரெண்டு மணிக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க. நீங்க ஸ்டூடண்ட் ரெசிடன்ஸ் பெர்மிட்ல இருக்கீங்க. யுனிவர்சிட்டி சம்மதமும், குடியேற்ற ஆபீஸ்ல பெர்மிட்ல போடற குறிப்பும் இல்லாம வெளிய சம்பளத்துக்கு வேலை பார்த்தா சட்டப்படி அது திருட்டு வேலை, 5,000ல இருந்து 20,000 யுவான் வரைக்கும் அபராதம், மோசமான கேஸ்னா உள்ள வச்சுக்கூட அனுப்புவாங்க. ஒரு மணி நேரம் இங்கிலீஷ், ஒரு மணி நேரம் சைனீஸ்னு மாத்திக்கோங்க. மெடிக்கல் படிக்கறவங்களுக்கு எச்எஸ்கே 4, அதாவது சைனீஸ் மொழிப் பரிட்சைல 4ம் லெவல், எப்படியும் தேவைப்படும், வார்டுல பேஷண்ட்டோட பேசணுமே, அந்த ஒரு மணி நேரம் காசை விட பெருசு.

4. முதல் நாளே ஒரு பழைய பேப்பர், கடிகாரம் வச்சு

நான் பண்ணின முதல் தப்பு இது தான், கிராமர்ல ஆரம்பிச்சேன். அவங்களுக்கு ஸ்கூல்லயே கிராமர் நம்மளை விட நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க, விதி கேட்டா கடகடன்னு சொல்வாங்க. அதனால கிராமர் வேண்டாம், ஒரு பழைய உண்மையான பேப்பரை எடுங்க, ஜென்-தின்னு கேட்டா எந்தப் புத்தகக் கடைலயும் குடுப்பாங்க. அச்சடிச்சு விக்கற மாதிரிப் பேப்பர்களை விட பழைய பேப்பர் பத்து மடங்கு மேல், ஏன்னா கேள்வி கேக்கற விதம் மாறவே மாறாது. 125 நிமிஷம் ஓட விட்டு முழுசா எழுத வைங்க, திருத்தும்போது எவ்வளவு மார்க்னு பார்க்காதீங்க, ஒவ்வொரு தப்பு விடைக்குப் பக்கத்துலயும் காரணம் எழுதச் சொல்லுங்க: வார்த்தை தெரியலயா, வார்த்தை எல்லாம் தெரிஞ்சும் வாக்கியம் புரியலயா, நேரம் பத்தலயா. என் ப்ரெண்டு வார்த்தை தான் தன் பிரச்சனைன்னு சத்தியம் பண்ணினா, எண்ணிப் பார்த்தா ரீடிங் தப்புல பாதிக்கு மேல ரெண்டாவது காரணம்.

5. வார்த்தை படிக்கறது: அபாண்டன்ல ஆரம்பிக்காதீங்க

அவளோட வார்த்தைப் புத்தகத்தை முதல் தடவை கையில வாங்கினப்ப பார்த்தேன். முதல் பத்து பக்கம் விரல் பட்டுப் பட்டு மடிஞ்சு பழுத்துப் போயிருந்துச்சு, மூணு கலர் பேனால கோடு, அதுக்கு அப்புறம் கடையில இருந்து வாங்கின மாதிரியே வெள்ளையா இருந்துச்சு. அகர வரிசைல போட்டிருக்கறதால முதல் வார்த்தை அபாண்டன், கைவிடறதுன்னு அர்த்தம். ஒவ்வொரு செமஸ்டரும் அங்க இருந்தே ஆரம்பிச்சு ஒரு வாரத்துல நிறுத்திடறது, சைனா முழுக்க ஸ்டூடண்ட்ஸுக்கு இது தெரிஞ்ச கதை.

வரிசையை விட மோசம், ஒரு வார்த்தைக்கு ஒரே ஒரு சைனீஸ் அர்த்தம்னு மனப்பாடம் பண்றது. அட்ரஸ்னா விலாசம். சரி, "அட்ரஸ் த ப்ராப்ளம்"னு வந்தா? பிரச்சனையோட விலாசத்தைத் தேடிட்டு இருப்பாங்க. ஃபைன்னா நல்லா இருக்கேன், ஆனா பத்தில அது அபராதம். இன்ட்ரஸ்ட்னா ஆர்வம், அக்கவுண்டிங் படிக்கற பொண்ணுக்கே அது வட்டின்னு பத்தில உறைக்கல. "ஃபெயில்ட் டு நோட்டிஸ்"னா தோத்துப் போனான்னு படிச்சா, கவனிக்கலன்னு தான் அர்த்தம். சிஇடி-4ல ஆளைக் கவுக்கறது பெரும்பாலும் கஷ்டமான வார்த்தை இல்ல, தெரிஞ்ச வார்த்தையோட தெரியாத அர்த்தம். படம் காட்டி வார்த்தை சொல்லித் தர்ற ஆப் நிறைய இருக்கு, காலைல பஸ்ல போகும்போது பார்க்க நல்லது தான், ஆனா நாலு படத்துல ஒண்ணைத் தொடறதுக்கும் பத்திக்குள்ள அந்த வார்த்தையைப் பார்த்துப் புரிஞ்சுக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல.

எங்களுக்கு வேலை செஞ்சது ஜோடி நோட்டு. ஒரு பழைய பேப்பர்ல ரீடிங் முடிச்சதும் சரியான விடையை எடுத்து, அந்த விடைல இருக்கற வார்த்தை பத்தில எந்த வார்த்தையா இருந்துச்சுன்னு தேடணும். பத்தில "கட் டவுன் ஆன்", விடைல "ரிட்யூஸ்". பத்தில "ஸ்கேர்ஸ்", விடைல "நாட் ஈஸி டு ஃபைண்ட்". இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, சைனீஸ் அர்த்தமே எழுதக் கூடாது. ஒரு பேப்பருக்கு 20 ஜோடி கிடைக்கும். பத்து பேப்பர் முடிச்சா 200, இதுல பாதி திரும்பத் திரும்ப வர்றதை நீங்களே பார்ப்பீங்க. இதுல இருந்தே இன்னொரு பாடமும் வரும், பத்தில இருந்த அதே வார்த்தை அப்படியே விடைல இருந்தா சந்தேகப்படணும், பல நேரம் அது தூண்டில்.

கோடிட்ட இடம் நிரப்பறதுல 15 வார்த்தை குடுத்து 10 இடம் இருக்கும். பத்தியைப் படிக்கறதுக்கு முன்னாடி 15ஐயும் பெயர்ச்சொல், வினை, பெயரடை, வினையடைன்னு நாலாப் பிரிச்சு ஓரத்துல எழுதணும். அந்த இடத்துல என்ன வகை வரும்னு பார்த்தா தேர்ந்தெடுக்க மூணு நாலு தான் மிஞ்சும். ஆறு நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

6. நீள வாக்கியம்: இங்க தான் நம்ம தமிழ் உதவும்

இதைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், மத்தவங்க யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்ல.

ஒரு நாள் கேண்டீன்ல உக்காந்து ஒரு வாக்கியத்தை வச்சுப் போராடிட்டு இருந்தோம். "த ஸ்டூடண்ட்ஸ் ஹூ லிவ்ட் ஃபார் ஃப்ரம் த கேம்பஸ் ஸ்பென்ட் லெஸ் டைம் இன் த லைப்ரரி." ஒரு வார்த்தை கூட அவளுக்குத் தெரியாதது இல்ல. ஆனா கேம்பஸ் நேரம் செலவு பண்ணுதுங்கற மாதிரி குழம்பறா, ஏன்னா ஸ்பென்ட்டுக்கு முன்னாடி ஒட்டி இருக்கறது கேம்பஸ். எனக்கு சட்டுனு ஸ்கூல்ல நான் இதே மாதிரி முழிச்சது ஞாபகம் வந்துச்சு. தமிழ்ல நாம எப்படிச் சொல்வோம்? "கேம்பஸ்ல இருந்து தூரமா இருக்கற பசங்க". விவரம் எல்லாம் முன்னாடி, ஆள் கடைசில. சைனீஸ்லயும் அப்படியே தான், விவரம் முன்னாடி, நடுவுல "த"ன்னு ஒரு எழுத்து, அப்புறம் ஆள். நம்ம "இருக்கற"ல வர்ற அந்த "ற" எங்க நிக்குதோ அதே இடத்துல அவங்க "த" நிக்குது. இங்கிலீஷ் மட்டும் ஆளை முதல்ல நிறுத்திட்டு விவரத்தைப் பின்னாடி கட்டி இழுத்துட்டு வரும். டிஷ்யூ பேப்பர்ல மூணு மொழியையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி அம்புக்குறி போட்டேன், தமிழுக்கும் சைனீஸுக்கும் அம்பு நேரா இறங்குச்சு, இங்கிலீஷுக்கு மட்டும் குறுக்க வெட்டிக்கிட்டு போச்சு. அவ அந்த டிஷ்யூவை மடிச்சு பென்சில் பாக்ஸ்ல வச்சுக்கிட்டா.

அதனால பயிற்சி இப்படி: ஹூ, விச், தட், வேர் எங்க வந்தாலும் அங்க ஒரு அடைப்புக்குறி திறக்கணும், விவரம் எங்க முடியுதோ அங்க மூடணும், மூடினதுக்கு அப்புறம் வர்ற வினை தான் வாக்கியத்தோட உண்மையான வினை. ஹூ, விச் இல்லாம "த மெத்தட் யூஸ்ட் பை டீச்சர்ஸ்"னு வர்றது இன்னும் ஏமாத்தும், யூஸ்டைப் பார்த்ததும் வினைன்னு நினைச்சுருவாங்க. தினம் அஞ்சு வாக்கியம் போதும், பழைய பேப்பர்ல இருந்தே எடுங்க. முதல்ல அடைப்புக்குறிக்கு வெளிய இருக்கறதை மட்டும் படிக்கணும், அப்புறம் முழுசா. மூணு வாரத்துல கண்ணே தானா அடைப்புக்குறி போட ஆரம்பிச்சுரும், அதுக்கு அப்புறம் பென்சிலை எடுக்க விடாதீங்க, பரிட்சைல அதுக்கு நேரம் இல்ல.

பரிட்சைல ரீடிங் வரிசை: 14.2 மார்க் பத்திங்க முதல்ல, 20 நிமிஷம். அப்புறம் பொருத்தற பகுதி, 13 இல்ல 14 நிமிஷம். கோடிட்ட இடம் கடைசி.

7. லிசனிங்

நம்ம வாயால படிச்சுக் காட்டி லிசனிங் ப்ராக்டிஸ் பண்ணாதீங்க. நான் ரெண்டு மாசம் அதைப் பண்ணினேன், அவ என் ஆக்சென்ட்டுக்குப் பழகிட்டா, பரிட்சைல வந்த குரலுக்குப் பழகல. பழைய பேப்பரோட ஆடியோ கிடைக்கும், அதையே போடுங்க. மூணு செய்தி, ரெண்டு நீள உரையாடல், மூணு பத்தி, மொத்தம் 25 கேள்வி, எல்லாம் ஒரே ஒரு தடவை தான் ஒலிக்கும். செய்திக்கும் உரையாடலுக்கும் கேள்விக்கு 7.1, கடைசில வர்ற பத்திக்கு 14.2, அதனால முதல் செய்தியைத் தவற விட்டாலும் பதறாம விட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும்.

ரெண்டு இடத்துல நமக்கும் அவங்களுக்கும் ஒரே தடுமாற்றம். "டோன்ட் யூ ஹேவ் க்ளாஸ் டுடே?"ன்னு கேட்டா நாம "ஆமா, இல்ல"ன்னு சொல்வோம், அவங்களும் "தூய்"னு தான் ஆரம்பிப்பாங்க, ஆமான்னு அர்த்தம். இங்கிலீஷ்ல க்ளாஸ் இல்லன்னா "நோ". இன்னொண்ணு பெரிய எண். நமக்கு லட்சம், கோடி. அவங்களுக்கு 10,000ஐ ஒரு வான்னு, 10 கோடியை ஒரு யீன்னு எண்ணற கணக்கு. மில்லியன்னா நமக்கு 10 லட்சம், அவங்களுக்கு 100 வான். காதுல விழுந்ததும் மாத்த முடியாது, அதனால தினம் பத்து எண் நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க, அவங்க வான்ல எழுதட்டும், நீங்க லட்சத்துல எழுதுங்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: லிசனிங் முடிஞ்ச உடனே முதல் விடைத்தாளை வாங்கிருவாங்க, எஸ்ஸேவும் அதுல தான் இருக்கு. கேள்வித்தாள்ல டிக் பண்ணிட்டு அப்புறமா வட்டத்தைக் கறுப்பாக்கலாம்னு வச்சா 248.5 மார்க்கும் போயிடும். கேக்கக் கேக்கவே வட்டம் போடப் பழக்குங்க.

8. ட்ரான்ஸ்லேஷனும் எஸ்ஸேவும்

140ல இருந்து 160 சைனீஸ் எழுத்து இருக்கற ஒரு பத்தி, பெரும்பாலும் அவங்க ஊர்க் கலாச்சாரம், ஊர், திருவிழா, சாப்பாடு. 2017 ஜூன்ல நதிங்க வந்துச்சு, யாங்சே, மஞ்சள் நதி, முத்து நதின்னு ஒவ்வொரு செட் பேப்பர்லயும் ஒண்ணு. இங்க அவங்களுக்கு அர்த்தம் தெரியும், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், உங்க சைனீஸும் வளரும், ரெண்டு பேருக்கும் பிடிச்ச பகுதி இது தான். சைனீஸ் வினைல காலம் ஒட்டாது, அதனால வாக்கியம் எழுதறதுக்கு முன்னாடி "இது நேத்தா, எப்பவுமா"ன்னு வாய்விட்டுக் கேட்டுக்கணும். ஆல்தோ போட்டா பட் போடக் கூடாது, பிகாஸ் போட்டா ஸோ போடக் கூடாது, சைனீஸ்ல ரெண்டும் ஜோடியாத் தான் வரும் அதனால கை தானா எழுதிரும். தெரியாத வார்த்தை வந்தா வெறுமனே விடாம சின்ன வார்த்தைல விளக்கி எழுதணும்.

எஸ்ஸேக்கு மனப்பாட டெம்ப்ளேட் விக்கறாங்க. ஆரம்ப வரி, முடிவு வரி ஒண்ணு ரெண்டு ஞாபகம் வச்சா தப்பில்ல, முழுசா ஒட்ட வச்சா நடுவுல இருக்கற அவங்க சொந்த வரி தனியாத் துருத்திட்டுத் தெரியும். வாரம் ஒண்ணு எழுத வச்சு, நீங்க மூணு தப்பு மட்டும் திருத்துங்க. நான் முதல்ல பக்கம் பூரா சிவப்பாக்கிக் குடுத்தேன், அவ அடுத்த வாரம் எழுதிட்டே வரல.

9. பத்து வாரக் கணக்கு

முதல் வாரம் ஒரு முழு பேப்பர், காரணம் எழுதறது. அடுத்த அஞ்சு வாரம் தினம் 40 நிமிஷம் அவங்க தனியா, ஜோடி நோட்டு, அஞ்சு வாக்கியம், ஒரு லிசனிங். வாரத்துல ரெண்டு நாள் உங்களோட ஒரு மணி நேரம். ஏழாவது வாரத்துல இருந்து சனிக்கிழமை காலைல 9 மணிக்கு, பரிட்சை நேரத்துலயே, முழு பேப்பர். கடைசி வாரம் புது பேப்பர் எதுவும் வேண்டாம், ஜோடி நோட்டும் பழைய தப்புங்களும் மட்டும்.

ஜூன் பரிட்சை ரிசல்ட் ஆகஸ்ட் கடைசி வாக்குல வரும், டிசம்பர் எழுதினது சீனப் புத்தாண்டு லீவுக்கு அப்புறம் வரும். 220க்குக் கீழ வந்தா ஸ்கோர் ரிப்போர்ட்டே குடுக்க மாட்டாங்க. ரிப்போர்ட்ல லிசனிங், ரீடிங், எழுத்தும் ட்ரான்ஸ்லேஷனும்னு மூணாப் பிரிச்சு மார்க் இருக்கும், 425 வராட்டா அந்த மூணுல எது குறைவுன்னு பார்த்து வச்சுக்கோங்க, செமஸ்டர் திறந்த கொஞ்ச நாள்லயே அடுத்த ரிஜிஸ்ட்ரேஷன் நோட்டீஸ் வந்துரும்.